பெயர் சொல்லி, குனிந்து, காத்திருந்து: பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு

காலை ஆறரை. கித்துல்கலவில் மழை விட்டும் விடாமலும் தூறுகிறது. பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஓர் அம்மா, தலை நனைந்த மூன்று வயது மகளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறார். மாலையில் அவர் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளையிடம் நீங்கள் என்னென்ன சொல்வீர்கள்?

ஒருநாள் எண்ணிப் பாருங்கள். "இங்க வாங்க." "கை கழுவுங்க." "அடிக்காதீங்க." "சாப்பிடுங்க." "படுங்க." நாள் முழுக்கப் பேசிய மாதிரித்தான் இருக்கும். ஆனால் எல்லாமே கட்டளை. பிள்ளை என்ன சொல்லியிருந்தாலும் உங்கள் அடுத்த வாக்கியம் மாறியிருக்காது. பிள்ளை சொன்ன ஒரு சொல்லால் உங்கள் அடுத்த வாக்கியம் மாறினால், அதற்குப் பெயர்தான் உரையாடல். இந்த வேலையின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது. பாட்டும் கதையும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லலாம். உரையாடல் மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் நடக்கும்.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், சேரப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. நேசரி டீச்சர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வேலையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

பிள்ளைக்காம்பரா, பிள்ளை மடுவம் என்று பாட்டிமார் இன்றும் சொல்லும் இடத்துக்குக் காகிதத்தில் பெயர் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்'. அன்று ஆயம்மா இருந்தார். இன்று சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். தோட்டங்களின் நிர்வாகம் 1992ல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. அதே ஆண்டில் அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து ஒரு நிதியத்தை அமைத்தன. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படுவது அதுதான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த நிலையங்களை வழிநடத்துவதில் அதற்குப் பங்கு உண்டு.

பெயர் மாறியதோடு வேலையும் மாறிவிட்டது. ஆயம்மாவிடம் தோட்டம் எதிர்பார்த்தது பிள்ளை விழாமல், பசிக்காமல், அழாமல் இருப்பதை. உங்களிடம் எதிர்பார்ப்பது பிள்ளை வளர்வதை. எடை ஏறுவது தராசில் தெரியும். பேச்சு வளர்வதை அளக்கத் தராசு கிடையாது. அதை அளப்பது உங்கள் காது.

கித்துல்கல பக்கத்துக்கென்று சில தனி விஷயங்கள் உண்டு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் ஏறும் ஏ7 பாதையோரம், களனி கங்கையின் இரு கரையிலும், தேயிலையும் ரப்பரும் கலந்து கிடக்கும் மலைகள் இவை. பால் வெட்டப் போகிறவர்கள் கொழுந்துக்குப் போகிறவர்களை விட முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே சில பிள்ளைகள் அரைத் தூக்கத்திலேயே வந்து சேரும். இலங்கையில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. பல நாள் முழுக்க உள்ளேதான். தகரத்தில் மழை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், அதனால் பிள்ளைகளின் வாயில் இரண்டு மொழி. இவை எல்லாம் நீங்கள் பேசும் முறையைத் தீர்மானிக்கும்.

"இருபது பிள்ளைக்கு நான் ஒருத்தி. நேரம் எங்கே?"

முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பழைய பதில் ஹங்கேரியில் இருக்கிறது.

1946ல் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். போர் முடிந்த நேரம். பெற்றோரை இழந்த பிள்ளைகள், பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகள். பிள்ளைகள் அதிகம், கைகள் குறைவு. கூடுதல் நேரம் எங்கும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைகளையே உரையாடலாக மாற்றினார். குளிப்பாட்டும்போதும், உடுப்பு மாற்றும்போதும், ஊட்டும்போதும் பராமரிப்பவரின் முழுக் கவனமும் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும். என்ன செய்யப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்வது, "கையைத் தா" என்று கேட்டுவிட்டு அது தரும்வரை பொறுப்பது. ஆறு மாதக் குழந்தையிடமும் இப்படித்தான்.

நமக்கும் இதே வழி. உங்கள் நாளில் ஏற்கெனவே ஆறு தனி நேரங்கள் இருக்கின்றன:

1. வாசலில் வாங்கும்போது. பெயர் சொல்லுங்கள், கண்ணைப் பாருங்கள், அன்று கண்ணில் படுவதை ஒன்று சொல்லுங்கள்: "தலையெல்லாம் நனைஞ்சிருச்சே, வாங்க துடைப்போம்."
2. கை கழுவும்போது. குழாயடியில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் நிற்கும். தண்ணீர் சில்லென்று இருப்பதைப் பேச அதைவிட நல்ல இடம் இல்லை.
3. உடுப்பு மாற்றும்போது. "இப்ப இந்தக் கை… அடுத்து எந்தக் கை?" என்று கேட்டு நிறுத்துங்கள்.
4. சாப்பாட்டில். நின்றுகொண்டு பரிமாறாமல் பக்கத்தில் உட்காருங்கள். ரொட்டியா சோறா, வீட்டில் யார் சுட்டது என்று பேச்சு தானாக வரும்.
5. படுக்க வைக்கும்போது. தூக்கம் வராத பிள்ளையோடு மெல்லிய குரலில் இரண்டு வாக்கியம்.
6. அனுப்பும்போது. அன்று அந்தப் பிள்ளை செய்த ஒன்றை அதன் முன்னாலேயே அம்மாவிடம் சொல்லுங்கள்.

கணக்குப் போடுங்கள். இருபது பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். ஒரேயடியாக நாற்பது நிமிடம் கிடைக்காது. குழாயடியிலும் பாயிலும் வாசலிலுமாகச் சிதறிக் கிடக்கிறது, பொறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பந்து போட்டுப் பிடிப்பதுபோல்: ஐந்து படி

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சிக்கென்றே இயங்கும் மையம் ஒன்று உண்டு. பிள்ளையோடு பேசுவதை அங்கே பந்து ஆட்டத்துக்கு ஒப்பிடுவார்கள். பிள்ளை ஒரு பார்வையையோ, சத்தத்தையோ, சைகையையோ எறிகிறது. நீங்கள் பிடித்துத் திருப்பி எறிகிறீர்கள். அவர்கள் வகுத்த ஐந்து படியை நம் தோட்டத்துக் காட்சி ஒன்றில் வைத்துப் பார்ப்போம். நான்கு வயதுப் பையன் ஒருவன் மூலையில் உட்கார்ந்து ரப்பர் கொட்டை ஒன்றை உருட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*முதல் படி, அவன் பார்ப்பதைப் பாருங்கள்.* போய்க் குனியுங்கள், முட்டி போடுங்கள், உங்கள் கண்ணும் அவன் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரட்டும். "கையில என்னமோ வச்சிருக்கீங்க."

*இரண்டாம் படி, கண்டுகொண்டதைக் காட்டுங்கள்.* சிரிப்பு, தலையாட்டல், அவன் நீட்டினால் கை ஏந்துவது. இதற்குப் பேச்சு வேண்டாம்.

*மூன்றாம் படி, பெயர் சொல்லுங்கள்.* "ரப்பர் கொட்டை. வழுவழுன்னு, புள்ளி புள்ளியா இருக்கு."

*நான்காம் படி, மாறி மாறிப் போகட்டும்.* சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.
"டப்புனு வெடிச்சிச்சி டீச்சர்."
"வெடிச்சிச்சா! எங்க கேட்டிச்சி?"
(நிறுத்தம்.)
"தாத்தா வீட்டுக் கிட்ட. நான் பயப்படல."
"நீங்க பயப்படல. தாத்தா?"
அவன் சிரிக்கிறான். இப்போது அவனிடம் ஒரு கதை இருக்கிறது.

*ஐந்தாம் படி, அவன் முடிக்கும்போது முடியுங்கள்.* பார்வை வேறு பக்கம் போனால் ஆட்டம் முடிந்தது. "சரி மகன், இத டப்பாவுல போட்டு வைப்போம்." டப்பாவில் போட மறக்காதீர்கள். பச்சை ரப்பர் கொட்டை நஞ்சு. வாயில் போடும் வயதுப் பிள்ளைகளும் அதே அறையில்தான் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. "இது என்ன நிறம்?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை. விடை தெரியாத கேள்வியைக் கேட்டால் பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தருகிறது.

மூன்று விநாடி

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அந்த நிறுத்தம்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். பிறகு தாங்களே பேசிவிட்டார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

அவர் பார்த்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளை. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல் தேட இன்னும் நேரம் வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதலில் சங்கடமாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்லும். "உங்க முறையும் வரும், இப்ப அண்ணன் யோசிக்கிறார்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

வாயில் வரும் வாக்கியத்தை மாற்றுங்கள்

ஒரு வாரத்துக்கு ஒன்று வீதம் பழகுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

- "அழக் கூடாது!" என்பதற்குப் பதிலாக: "அம்மா போனது கஷ்டமா இருக்கு, என்ன? நான் இங்கதான் இருக்கேன்." உணர்வுக்கு ஒரு பெயர் கிடைத்த பிள்ளை சீக்கிரம் அடங்கும்.
- "ஓடாதீங்க!" என்பதற்குப் பதிலாக: "நடந்து வாங்க, தரை ஈரமா இருக்கு." செய்யக்கூடாததைச் சொன்னால் செய்ய வேண்டியதைப் பிள்ளையே ஊகிக்க வேண்டும்.
- "நல்ல பிள்ளை" என்பதற்குப் பதிலாக: "தங்கச்சிக்கு நீங்களே கரண்டி எடுத்துக் குடுத்தீங்க." எது நல்லது என்று அப்போதுதான் தெரியும்.
- "அப்படிச் சொல்லக் கூடாது, திருத்திச் சொல்லுங்க" என்பதற்குப் பதிலாக, சரியான வாக்கியத்தை நீங்களே இயல்பாகச் சொல்லுங்கள். பிள்ளை "மாமா நாளைக்கு வந்தாங்க" என்றால், "அப்படியா, மாமா நேத்து வந்தாங்களா?" போதும்.
- அறையின் அந்தக் கோடியிலிருந்து பெயரைக் கத்துவதற்குப் பதிலாக: நடந்து போங்கள். தகரத்து மழையில் உங்கள் கத்தல் பிள்ளைக்குக் கோபமாக மட்டுமே கேட்கும்.

பேசாத பிள்ளை, திக்கும் பிள்ளை

ஒரு வாரமாக வாயே திறக்காத பிள்ளையைக் கேள்விகளால் துளைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அது செய்வதையே செய்யுங்கள். அது மண்ணைக் குவித்தால் நீங்களும் குவியுங்கள். செய்வதை மெல்ல வாயால் சொல்லுங்கள்: "நான் ஒரு மலை கட்டுறேன்." பதில் ஒரு பார்வையாக வரும். அதையும் பதில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பல பிள்ளைகள் கொஞ்ச காலம் திக்குவதுண்டு. "மெதுவாப் பேசுங்க" என்றோ, சொல்லை நீங்களே முடித்தோ உதவாதீர்கள். உங்கள் வேகத்தைக் குறையுங்கள், கண்ணை எடுக்காமல் கேளுங்கள்.

சில விஷயங்களைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. முதுகுப் பக்கம் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, பேசிய பேச்சை இழந்த பிள்ளை: இந்த மூவரையும் திகதியோடு குறித்து, அம்மாவிடம் பதமாகச் சொல்லி, கிளினிக் கொப்பியோடு மிட்வைஃபிடம் அனுப்புங்கள். நோய்க்குப் பெயர் வைக்கும் வேலை உங்களுடையது இல்லை. "கூப்பிட்டா சில நேரம் திரும்பல அக்கா, காதை ஒருக்கா காட்டிருவோம்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

"வத்துர" என்று கேட்டால்

அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும் பிள்ளை, தண்ணீரை "வத்துர" என்று கேட்கும். பிழையாக எடுக்காதீர்கள். "ஆமா, வத்துர, தண்ணி. தண்ணி வேணுமா?" என்று கொடுங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் தெரிந்திருப்பது குழப்பம் ஆகாது. இரண்டு மொழிச் சூழலில் வளரும் பிள்ளைகள் கலந்துதான் பேசத் தொடங்கும், பிறகு தானாகப் பிரித்துக்கொள்ளும். இந்த மாவட்டத்தில் பெரும்பான்மை மொழி சிங்களம் என்பதால் பிள்ளைக்கு அது சோறு போடும் மொழியாகலாம். ஆனால் அழுகையும் கனவும் பயமும் வீட்டு மொழியில்தான் வரும். ஆறுதல் சொல்வதை அந்த மொழியிலேயே சொல்லுங்கள், அதுவும் லயத்தில் பேசும் தமிழில். "வாருங்கள், அமருங்கள்" என்றால் பிள்ளை உங்களை ரேடியோ என்று நினைக்கும்.

அம்மாவிடம் அரை நிமிடம்

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலை கொடுப்பவர் பிள்ளைக் காப்பகம் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணி நேரம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். கூடையை இறக்கிவிட்டு அவர் உட்காரும் அந்த நேரத்தில் புகார் சொல்லாதீர்கள். பிள்ளை அன்று எழுப்பிய புதுச் சத்தத்தைச் சொல்லுங்கள். "பா பான்னு சொல்றா அக்கா. நீங்களும் திருப்பிச் சொல்லிப் பாருங்க." அவர் வீட்டிலும் செய்வார்.

பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகளும் பெற்றோரில் ஒருவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் வீடுகளும் நிறைய. "அம்மா எங்கே?" என்று எல்லார் முன்னாலும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லைக் கோடு

தனியாகப் பேசுவது என்றால் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவது என்று அர்த்தமில்லை. எல்லார் கண்ணிலும் படும் இடத்திலேயே பேசுங்கள்.

நம்பிக்கை வந்தபின் பிள்ளை ஒருநாள் ஏதாவது சொல்லலாம்: யாரோ அடித்ததை, தொட்டதை, வீட்டுச் சண்டையை. முகம் மாறாமல் கேளுங்கள். துருவிக் கேட்காதீர்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. "சொன்னது நல்லது. இதுல உங்க பிழை இல்ல" என்று சொல்லுங்கள். பிள்ளையின் சொற்களிலேயே எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள். சிறுவர் உதவிக்கான தேசிய இலக்கம் 1929. சுவரில் ஒட்டி வையுங்கள்.

இதை வைத்து எப்படி முன்னேறுவது?

இந்தத் துறையில் சான்றிதழ் இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்ப் பாடநெறி உண்டு. வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமை இன்னொரு ஏணி. முன்பள்ளிகள் மாகாண சபைகளின் கீழ் வருவதால், பயிற்சிகள் பற்றிச் சப்ரகமுவ மாகாண அலுவலகத்திலும் கேட்டுவையுங்கள்.

நம் ஊரில் நேசரிக்கு 'மொண்டிசோரி' என்றும் பெயர் உண்டு. அந்த மரியா மொண்டிசோரி 1939ல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பலகையில் அந்தப் பெயரை எழுதுவது சுலபம். அவர் ஆசிரியர்களிடம் முதலில் கேட்டது பிள்ளையை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை.

அதற்கு ஒரு சின்னக் கொப்பி போதும். பிள்ளைக்கு ஒரு பக்கம். வாரம் ஒருமுறை திகதி போட்டு, பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். 'நன்றாகப் பேசுகிறாள்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'டப்புனு வெடிச்சிச்சி டீச்சர்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். நேர்முகப் பரீட்சையில் "பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் பெயரை மறைத்து ஒரு பக்கத்தைக் காட்டி, ஜனவரியில் இரண்டு சொல், ஜூனில் ஒரு கதை என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்காது.

மாலையில் ஒரு சோதனை

கடைசிப் பிள்ளையும் போனபின், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வரவு இடாப்பைத் திறங்கள். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, அந்தப் பிள்ளை இன்று உங்களிடம் சொன்ன ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அதனிடம் சொன்னது கணக்கில் வராது.

சில பெயர்களில் விரல் நின்றுவிடும். அதிகம் அழாத, அடிக்காத, சொன்னதைக் கேட்கும், ஒரு தொந்தரவும் தராத பிள்ளையின் பெயராகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். நாளைக் காலை ஆறரைக்கு, அந்தப் பிள்ளை வரும் நேரம் பார்த்து வாசலில் குனிந்து நில்லுங்கள்.